பழைய மலிவு கிட்டார் வாங்கும் முன்: அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1950, 60களில் சியர்ஸ், மான்ட்கோமரி வார்டு மாதிரியான கடைகள் தபால் பட்டியல் போட்டு விற்ற கிட்டார்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஹார்மனி, கே, சில்வர்டோன், டேன்எலக்ட்ரோ, ஸ்டெல்லா, ஜப்பானிலிருந்து வந்த டெய்ஸ்கோ என்று பல பெயர்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடப் பையன்கள் வாங்கியவை. இன்றைக்கு அவற்றை ‘விண்டேஜ்’ என்று சொல்லி விற்கிறார்கள். வேலைக்கோ படிப்புக்கோ இங்கே வந்து, ஏதோ ஒரு பாட்டில் அந்தக் கரகரப்பான சத்தத்தைக் கேட்டு மயங்கி, நாமும் ஒன்று வாங்கலாமே என்று நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் இல்லினாயில் இருக்கிறேன். ஹார்மனி, கே தொழிற்சாலைகள் சிகாகோ பக்கம்தான் இருந்தன, அதனால் இந்தப் பக்கத்து வீடுகளில் இவை நிறையவே கிடைக்கும். கிடைப்பது சுலபம். வாங்கி, சரிசெய்து, வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவருவதில்தான் காசும் நேரமும் கரைகிறது. எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாததை எல்லாம் கீழே போட்டிருக்கிறேன்.

1. எந்தக் கிட்டார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விலை பார்த்து ஆரம்பிக்காதீர்கள், சத்தத்தைப் பார்த்து ஆரம்பியுங்கள். இந்த மலிவு கிட்டார்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குரல் உண்டு, ஒன்று செய்வதை இன்னொன்று செய்யாது.

டேன்எலக்ட்ரோ வகை: நியூ ஜெர்சியில் செய்தது. மரச்சட்டத்தின் மேலும் கீழும் மேசோனைட் அட்டை ஒட்டியிருக்கும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பை லிப்ஸ்டிக் குழாய்க்குள் அடைத்திருப்பார்கள் (விளையாட்டுக்குச் சொல்லவில்லை, லிப்ஸ்டிக்குக்காகச் செய்த அதே குழாய்தான்). மணி மாதிரி தெளிவான, கொஞ்சம் உள்ளீடற்ற சத்தம். லெட் செப்பலின் மேடைகளில் ஜிம்மி பேஜ் கையில் இருந்த கறுப்பு டேன்எலக்ட்ரோவை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். இதே ஆட்கள் சியர்ஸுக்குச் செய்து கொடுத்ததுதான் சில்வர்டோன் 1448, 1449, 1457. 1448-ஐ 1962-ல் 67.95 டாலருக்கு விற்றார்கள், கிட்டார் வைக்கும் பெட்டிக்குள்ளேயே ஆம்பிளிஃபையரும் ஸ்பீக்கரும் சேர்த்து. அந்த ஆம்பிளிஃபையர் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன், அதைப் படிக்காமல் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள்.

ஹார்மனி ஹாலோபாடி (மீட்டியோர், ராக்கெட்): உள்ளே வெற்றிடம் உள்ள உடம்பு, டிஆர்மண்ட் பிக்கப். ரோலிங் ஸ்டோன்ஸ் ஆரம்ப காலத்தில் கீத் ரிச்சர்ட்ஸ் வாசித்தது ஹார்மனி மீட்டியோர். ஆம்பிளிஃபையரைக் கொஞ்சம் கூட்டினாலே சத்தம் அழகாக உடையும். ரொம்பக் கூட்டினால் ஊளையிடும், அதுவும் உண்மை.

ஹார்மனி அக்கூஸ்டிக் (சாவரின்) மற்றும் ஸ்டெல்லா: பழைய ப்ளூஸ் சத்தம் வேண்டுமென்றால் இவைதான். லெட் பெல்லி வாசித்தது 12 கம்பி ஸ்டெல்லா. அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து கர்ட் கோபெய்ன் நிர்வாணாவின் ‘பாலி’ பாட்டை ஒரு பழைய சாமான் ஸ்டெல்லாவில்தான் பதிவு செய்தார். உள்ளே குறுக்குச் சட்டங்களை ஏணிப்படி போல அடித்திருப்பதால் சத்தம் வறண்டு, சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும்.

டெய்ஸ்கோ மற்றும் அந்தக் கால ஜப்பான் கிட்டார்கள்: நாலு பிக்கப், ஏழெட்டு சுவிட்ச், விசித்திரமான வடிவம். சிகாகோ ப்ளூஸ் கலைஞர் ஹவுண்ட் டாக் டெய்லர் இந்த ரக ஜப்பான் கிட்டாரில் ஸ்லைடு போட்டு (விரலில் குழாய் மாட்டிக் கம்பியில் வழுக்கி) வாசித்தவர். அவரைப் பதிவு செய்வதற்காகவே 1971-ல் அலிகேட்டர் ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனி தொடங்கினார்கள். டெய்ஸ்கோவின் கோல்டுஃபாயில் பிக்கப்பை அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் கிட்டாரில் பொருத்தி வாசித்த பிறகு பிக்கப்பின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது.

என் கருத்து கேட்டால், முதல் கிட்டார் எலக்ட்ரிக்காக, நெக்கை (கழுத்துப் பகுதியை) ஸ்குரூ போட்டு மாட்டியதாக இருக்கட்டும். டெய்ஸ்கோ, டேன்எலக்ட்ரோ, சில்வர்டோனில் பல மாடல்கள் அப்படித்தான். நெக் கோணம் தப்பினால் ஸ்குரூவைக் கழற்றி நடுவே ஒரு மெல்லிய தகடு வைத்தால் சரியாகிவிடும். பசை போட்டு ஒட்டிய அக்கூஸ்டிக்கில் அதே வேலைக்குச் சில நூறு டாலர் அழ வேண்டும்.

2. மேலே எழுதியிருக்கும் பெயரை வைத்து விலை கொடுக்காதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். சில்வர்டோன் என்பது தொழிற்சாலை இல்லை, சியர்ஸ் கடையின் பெயர்ப்பட்டி. டேன்எலக்ட்ரோ, ஹார்மனி, கே, வால்கோ, கடைசியில் ஜப்பான்காரர்கள் என்று எல்லோரும் சில்வர்டோன் செய்து கொடுத்திருக்கிறார்கள். மான்ட்கோமரி வார்டின் ஏர்லைன் பெயரும் அப்படியே. ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ஜாக் ஒயிட் வைத்திருந்த சிவப்பு ஏர்லைன், வால்கோ செய்த ஃபைபர்கிளாஸ் உடம்புக் கிட்டார். அவருக்கு முன்பே சிகாகோ ப்ளூஸ் கலைஞர் ஜே.பி. ஹட்டோ வாசித்தது. அதைச் சாக்காக வைத்து, ஏர்லைன் என்று தலையில் எழுதியிருக்கும் சாதாரண ஹார்மனியையும் ‘ஜாக் ஒயிட் கிட்டார்’ என்று தலைப்புப் போட்டு இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். விளம்பரத்தில் பிரபலத்தின் பெயர் இருந்தாலே நான் படத்தை மட்டும் பார்ப்பேன், எழுத்தைப் படிக்க மாட்டேன்.

யார் செய்தது, எப்போது செய்தது என்று கண்டுபிடிக்க:

ஹார்மனி என்றால் சத்தத்துளை வழியாக உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மையில் குத்திய ‘எஃப்-64’ அல்லது ‘எஸ்-62’ மாதிரி ஒரு முத்திரை இருக்கும், பக்கத்தில் இரண்டு எழுத்துகளும் இருக்கலாம். எண்கள்தான் வருடம். இன்னொரு இடத்தில் நீளமான எண் இருக்கும், அதில் ‘எச்’ என்ற எழுத்துக்குப் பிறகு வருவது மாடல் எண். எச்1260 என்றால் பெரிய சாவரின்.

எலக்ட்ரிக் என்றால் உள்ளே வால்யூம் பொத்தானுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ என்ற, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகத்தின் முதுகில் ஒரு எண் பொறித்திருக்கும். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் கம்பெனி, 304 என்றால் ஸ்டாக்போல். அதற்குப் பின்னால் வருவது வருடமும் வாரமும். 1376422 என்றிருந்தால் 1964-ஆம் வருடம் 22-ஆவது வாரம் செய்த பாட். கிட்டார் அதற்குப் பிறகுதான் செய்திருக்க முடியும், அதற்கு முன்னால் முடியாது. பழைய கிட்டாரில் 1990களின் பாட் இருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, டேன்எலக்ட்ரோ பெயரில் 1990களின் கடைசியிலிருந்து புதிதாகச் செய்து வருகிறார்கள். பழைய வடிவம், கொரியா அல்லது சீனத் தயாரிப்பு. கிட்டார் நன்றாகவே இருக்கும், ஆனால் அதை ‘விண்டேஜ்’ என்று விற்றால் நகர்ந்து போய்விடுங்கள். உண்மையில், உங்களுக்குச் சத்தம் மட்டும் போதும், பழைய பொருள்தான் வேண்டும் என்ற வெறி இல்லை என்றால், அந்தப் புதியதையே வாங்கிக்கொண்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

3. மொத்தச் செலவைக் காகிதத்தில் போடுங்கள்

விளம்பரத்தில் உள்ள விலை பாதிக் கதைதான். ஒரு உதாரணக் கணக்கு. சாவரின் ஒன்று 450 டாலர். ஆன்லைன் சந்தைகள் உங்கள் மாநில விற்பனை வரியைச் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். சிகாகோவில் அது 10 சதவீதத்துக்கு மேல், 45 என்று வைத்துக்கொள்வோம். பார்சல் 90. வீட்டுக்கு வந்து சேரும்போது 585. இதன் நெக்கைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டியிருந்தால் 500 டாலர், பிரெட்களை (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை) தேய்த்துச் சமன் செய்ய 150. மொத்தம் 1,235. அந்தக் கிட்டாரைத் திரும்ப விற்றால் இந்தத் தொகை வராது.

அதுவே 300 டாலர் டெய்ஸ்கோ என்றால் வரி 30, பார்சல் 80, செட்டப் (கம்பி உயரம் போன்றவற்றை வாசிக்கத் தோதாகச் சரிசெய்வது) 90, பாட் சுத்தம் செய்து ஒன்றிரண்டு கம்பி இணைப்புகளைப் பற்றவைக்க 60. மொத்தம் 560. (ஊருக்கு ஊர் கூலி மாறும், உங்கள் பக்கத்து ரிப்பேர்காரரிடம் கேட்டு எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.)

ஒரேகான், டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர், மான்டானாவில் விற்பனை வரி இல்லை. அங்கே நண்பர் வீடு இருந்தால், அந்தப் பக்கம் போகும்போது நேரில் வாங்குவது லாபம்.

4. எங்கே, எப்போது தேடுவது

இசைக்கருவிகளுக்கான ஆன்லைன் சந்தை ரிவெர்ப், ஈபே எல்லோருக்கும் தெரியும். விலை தெரிந்துகொள்ள அவை நல்ல இடங்கள், ஆனால் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கும்.

மலிவாகக் கிடைப்பது ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கிரெய்க்ஸ்லிஸ்ட், எஸ்டேட் சேல். வீட்டில் பெரியவர் இறந்தபின் மொத்தப் பொருள்களையும் வீட்டிலேயே வைத்து விற்பார்களே, அதுதான் எஸ்டேட் சேல். பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு நடக்கும். முதல் நாள் காலையில் வியாபாரிகள் வரிசையில் நிற்பார்கள். கடைசி நாள் பல இடங்களில் பாதி விலை. நல்ல பொருள் கடைசி நாள்வரை நிற்காது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கம்பி அறுந்து, தூசி படிந்து, பெட்டி இல்லாமல் ஒரு மூலையில் கிடக்கும் ஸ்டெல்லாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குட்வில் தொண்டு அமைப்பு நடத்தும் ஏல இணையதளத்திலும் இவை வரும். அங்கே படங்கள் குறைவு, கேள்விக்குப் பதில் அபூர்வம், திருப்பிக் கொடுப்பதும் கடினம். பழகிய பிறகு அங்கே போங்கள்.

5. கிளம்பும் முன் கேட்க வேண்டிய படங்கள்

விற்கிறவரிடம் “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்றுதான் வரும். நான் அப்படிப் போய்ப் பார்த்த ஒரு கிட்டாரில் கம்பிக்கும் பிரெட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைந்தது, அதுவும் ‘அருமையாக வாசிக்கிறது’ என்று விளம்பரம் போட்டது. கேள்வி கேட்பதைவிடப் படம் கேளுங்கள்:

பக்கவாட்டிலிருந்து 12-ஆவது பிரெட், ஓரத்தில் ஒரு நாணயம் வைத்து. பிரிட்ஜ் (உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கத்திலிருந்து, அது உடம்பிலிருந்து எழும்பியிருக்கிறதா என்று தெரியும்படி. நெக்கும் உடம்பும் சேரும் குதி இடம். தலைக்குப் பின்னால், உடைந்து ஒட்டியிருந்தால் தெரியும். உள்ளே இருக்கும் முத்திரை. எலக்ட்ரிக் என்றால் பிக்கப் நெருக்கத்தில்.

பிக்கப் படம் முக்கியம். கோல்டுஃபாயிலுக்கு விலை ஏறியதிலிருந்து, டெய்ஸ்கோவிலிருந்து பிக்கப்பை உருவி வேறு எதையோ மாட்டி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மூடியைச் சுற்றி வெளிறிய நிழல் வேறு அளவில் தெரிந்தால், அங்கே முன்னால் இருந்தது வேறு பிக்கப்.

6. நேரில் சோதிப்பது

எடுத்துப் போக வேண்டியவை: நீளமான இரும்பு ஸ்கேல், மில்லிமீட்டர் சின்ன ஸ்கேல், டார்ச், மல்டிமீட்டர், ஒரு செட் கம்பி. எலக்ட்ரிக் என்றால் கைக்கு அடக்கமான பேட்டரி ஆம்பிளிஃபையர்.

முதலில் நெக் கோணம். நீள ஸ்கேலை பிரெட்களின் மேல் நெக்கின் நடுவே வைத்து பிரிட்ஜ் பக்கம் தள்ளுங்கள். ஸ்கேலின் நுனி பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பை ஒட்டி, அல்லது சற்று மேலே போனால் நல்லது. பிரிட்ஜின் முகத்தில் இடித்தால் நெக் முன்னால் சாய்ந்துவிட்டது, பிரித்து ஒட்ட வேண்டும். அறுபது வருடம் கம்பி இழுத்த ஹார்மனி அக்கூஸ்டிக்கில் இதை எதிர்பார்த்தே போங்கள். அடுத்து 12-ஆவது பிரெட்டில் தடித்த கம்பியின் உயரம். 2.5 மி.மீ. சுற்றி இருந்தால் சந்தோஷம். 4-ஐத் தாண்டினால், பிரிட்ஜில் இருக்கும் எலும்புத் துண்டு இன்னும் தேய்க்கிற அளவுக்கு உயரமாக இருக்கிறதா பாருங்கள். ஏற்கெனவே தேய்த்துத் தட்டையாகிவிட்டது என்றால் மலிவான வழியை வேறு யாரோ பயன்படுத்தித் தீர்த்துவிட்டார்கள்.

அடுத்து நெக் வளைவு. முதல் பிரெட்டிலும் கடைசி பிரெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்து நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு தாள் கனம் என்றால் சரி. தலையில் ‘ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்’ என்று பெருமையாக எழுதியிருக்கும் ஹார்மனிகளில் உள்ளே இருப்பது அசையாத இரும்புக் கம்பி. திருகி நிமிர்த்த முடியாது. வளைந்திருந்தால் வளைந்ததுதான். டேன்எலக்ட்ரோவும் பெரும்பாலும் அப்படியே. நல்ல ஹார்மனி மாடல்களில் திருகக்கூடிய ராட் உண்டு, தலையில் சின்ன மூடி இருக்கும்.

அக்கூஸ்டிக்கின் மேல்பலகையை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே நகருங்கள். எங்காவது கடகடவென்று உள்ளிருந்து சத்தம் வந்தால் சட்டம் ஒன்று பிரிந்திருக்கிறது. இது பெரிய விஷயம் இல்லை, பசை போட்டு இறுக்கிவிடலாம், ஆனால் விலை குறைக்க நல்ல காரணம். தலையில் கம்பியை முறுக்கும் டியூனர் குமிழ்களை லேசாகத் திருகிப் பாருங்கள், பழைய பிளாஸ்டிக் கையிலேயே பொடியாகும்.

எலக்ட்ரிக்கில் கேபிளைச் சொருகி மறுமுனையில் மல்டிமீட்டர் வையுங்கள், வால்யூம் முழுசாக. லிப்ஸ்டிக் பிக்கப் ஒன்று தனியாக 4 கிலோஓம் பக்கம் காட்டும். எண்ணே வரவில்லை என்றால் உள்ளே சுருள் அறுந்திருக்கலாம், அல்லது வெறும் சுவிட்ச் அழுக்காக இருக்கலாம். சுவிட்சைப் பலமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

(கே கம்பெனியின் விலையுயர்ந்த 1950கள் மாடல்களின் பிளாஸ்டிக் தலைக்குக் ‘கெல்வினேட்டர்’ என்று பட்டப்பெயர். நம் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜ் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். அவை மலிவு வகையில் வராது, கண்ணால் பார்த்துவிட்டு வரலாம்.)

7. பணமும் ரசீதும்

நேரில் என்றால் ரொக்கம். ஆன்லைன் என்றால் அந்தச் சந்தையின் வழியாகவே கட்டுங்கள். “கமிஷன் மிச்சம், ஸெல்லில் (Zelle என்ற பணம் அனுப்பும் சேவை) அனுப்புங்கள்” என்றோ, பேபாலில் ‘நண்பர்கள், குடும்பம்’ வழியாக அனுப்புங்கள் என்றோ கேட்டால் அனுப்பாதீர்கள். பணம் போனால் திரும்பி வராது.

எஸ்டேட் சேலாக இருந்தாலும் எழுதி வாங்குங்கள்: தேதி, விலை, பிராண்டு, மாடல், உத்தேச வருடம், விற்றவர் பெயர், கையெழுத்து. பலர் ‘பழைய கிட்டாருக்கு எதற்கு ரசீது’ என்று சிரிப்பார்கள். பின்னால் இன்ஷூரன்ஸ், விமான நிலையம், கஸ்டம்ஸ் என்று எல்லா இடத்திலும் முதலில் கேட்பது இதைத்தான்.

8. பார்சல்

விற்பவர் கிட்டார் கடை இல்லை என்றால் அவருக்குக் கட்டத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பியைத் தளர்த்தச் சொல்லுங்கள், பிரிட்ஜ் கழன்றுவிடக்கூடிய ஹாலோபாடி என்றால் பிரிட்ஜைத் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள். தலைக்கு அடியிலும் கழுத்துக்கு அடியிலும் துணி அடைக்க வேண்டும். அட்டைப் பெட்டி எந்தக் கிட்டார் கடையிலும் கேட்டால் கிடைக்கும், சும்மாவே கொடுப்பார்கள்.

வந்ததும் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். உடைந்திருந்தால் அட்டையையும் அடைத்திருந்ததையும் தூக்கி எறியாதீர்கள், இழப்பீடு கேட்கும்போது கட்டியிருந்த விதத்துக்குப் படம் கேட்பார்கள். குளிர்காலத்தில் வந்தால் பெட்டியைத் திறக்காமல் ஒரு நாள் வீட்டுக்குள் வையுங்கள். உறைபனியிலிருந்து நேராகச் சூட்டில் திறந்தால் பழைய லேக்கர் பூச்சு சிலந்தி வலை போல வெடிக்கும். முடிந்தால் ஜனவரி, பிப்ரவரியில் பார்சல் வாங்காமல் இருங்கள்.

9. ரிப்பேர்: விலையை விட நேரத்தைக் கேளுங்கள்

வாங்கும் முன்பே ரிப்பேர்காரர் ஒருவரைப் பிடித்துப் பேசி வையுங்கள். எல்லோரும் இந்தக் கிட்டார்களைத் தொட மாட்டார்கள். ‘கிட்டார் விலையை விடக் கூலி அதிகம்’ என்று திருப்பி அனுப்புவார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறவரிடமும் வரிசை நீளம். செட்டப் ஒன்றிரண்டு வாரம், நெக் வேலை மாதக்கணக்கு. என் கிட்டாரை வாங்கி வைத்துக்கொண்ட ஒரு கடை ‘அடுத்த வாரம்’ என்றே சொல்லிக்கொண்டு ஒரு பருவத்தையே ஓட்டியது. அதனால் கொடுக்கும்போதே என்ன வேலை, எவ்வளவு, எந்தத் தேதி, அதற்கு மேல் செலவானால் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

கழற்றிய பழைய பாகங்கள் எல்லாவற்றையும் திருப்பிக் கேளுங்கள். டியூனர், பாட், பிரிட்ஜ், உடைந்ததும்கூட. விற்கும் நாளில் அவை ஒரு பையில் இருந்தாலே விலை மாறும்.

10. பழைய ஆம்பிளிஃபையர்: இங்கே மட்டும் சொன்னபடி செய்யுங்கள்

சில்வர்டோன் 1448-இன் பெட்டிக்குள் இருக்கும் ஆம்பிளிஃபையரில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் உங்கள் கையில் இருக்கும் கம்பிக்கும் நடுவே போதுமான பிரிப்பு இல்லை. இந்த வகைக்கு இங்கே ‘விதவை ஆக்கி’ என்ற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயரே உண்டு. தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்து ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் மூன்று முள் வயரும் போடாமல் அதை வாசிக்கவே கூடாது. விற்றவர் “நான் இத்தனை வருடம் வாசித்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்பார். சரி என்று தலையாட்டிவிட்டு வாருங்கள்.

மற்ற பழைய டியூப் ஆம்பிளிஃபையர்களிலும் இரண்டு முள் வயர் இருந்தால் மாற்ற வேண்டும், மின்தேக்கிகள் காய்ந்திருக்கும், அவற்றையும் மாற்ற வேண்டும். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும், எனவே நீங்களே திறந்து பார்க்க வேண்டாம்.

ஊருக்கு எடுத்துப் போனால் அங்கே 230 வோல்ட். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெப்-டவுன் பெட்டிகள் பல, ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வகை. வோல்ட்டைக் குறைக்கும், மின்சாரத்தைப் பிரித்துத் தராது. 1448 மாதிரி பொருளுக்கு அது பாதுகாப்பே இல்லை.

11. ஊருக்குக் கொண்டு போகும் எண்ணம் இருந்தால்

வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டிய விஷயம், கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் தேவைப்படாது.

அந்தக் காலத்து ஹார்மனி, கே, டேன்எலக்ட்ரோ பலவற்றில் விரல்பலகையும் பிரிட்ஜும் பிரேசில் ரோஸ்வுட். மலிவு கிட்டாரில் இவ்வளவு உயர்ந்த மரமா என்றால், அன்றைக்கு அது மலிவு மரம். 1992-லிருந்து, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அமெரிக்காவுக்குள் வைத்திருக்க, வாசிக்கத் தடை இல்லை. எல்லை தாண்டும்போதுதான் பிரச்சினை. 2019 நவம்பரில் மற்ற ரோஸ்வுட் இசைக்கருவிகளுக்குக் கொடுத்த தளர்வு பிரேசில் ரோஸ்வுட்டுக்குப் பொருந்தாது. “சின்ன விரல்பலகைதானே” என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள், கருவியையே பிடித்து வைக்கலாம்.

கொண்டு போகத்தான் வேண்டும் என்றால் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையிடம், 1992-க்கு முன்பே செய்த பொருள் என்பதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ரசீது, உள்ளே இருக்கும் தேதி முத்திரையின் படம், பாட் எண்ணின் படம், மரம் எது என்று ரிப்பேர்காரர் எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாம் சேர்த்து வையுங்கள். மாதக்கணக்கில் ஆகும் என்று நினைத்தே பயணத் தேதி போடுங்கள். சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது, புறப்படும் துறைமுகத்தில் அல்லது விமான நிலையத்தில் அதிகாரி அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும், எல்லா விமான நிலையத்திலும் அந்த வசதி இல்லை. இந்தியப் பக்கத்தில் என்ன கேட்பார்கள் என்பதை வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவின் சென்னை மண்டல அலுவலகத்துக்கு முன்னாலேயே எழுதிக் கேட்டு, பதிலை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்றால் ரோஸ்வுட்டே இல்லாத கிட்டார் வாங்குங்கள். மலிவான ஸ்டெல்லாக்கள் பல பிர்ச் மரம், விரல்பலகைக்குக் கறுப்புச் சாயம்தான். பிற்காலக் கிட்டார்களில் பலவற்றுக்கு நம் பக்கத்து ஈட்டி மரம் போட்டிருப்பார்கள், அதற்கு 2019 தளர்வு உண்டு. எது எந்த மரம் என்று படத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யாதீர்கள், ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள்.

விமானத்தில்: கிட்டார் அளவுள்ள இசைக்கருவியை, ஏறும் நேரத்தில் மேலே இடம் இருந்தால் கையோடு ஏற்ற அனுமதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு 2015-லிருந்து விதி இருக்கிறது. வளைகுடா வழியாகவோ ஐரோப்பா வழியாகவோ வேறு நாட்டு நிறுவனத்தில் போனால் இந்த விதி அவர்களைக் கட்டாது. டிக்கெட் போடும்போதே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். உறையில் இல்லாமல் கெட்டியான பெட்டியில் வையுங்கள், கம்பியைத் தளர்த்துங்கள். வயர் வெட்டும் கருவி, ஸ்குரூடிரைவர் எல்லாம் செக்-இன் பெட்டிக்குப் போகட்டும்.

சென்னையில் கஸ்டம்ஸ்: வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மதிப்புக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்கு மேல் சதவீதக் கணக்கில் வரி. வரம்பு அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் வாரம் கஸ்டம்ஸ் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ரிவெர்பில் யாரோ கேட்கும் 1,200 டாலரை அதிகாரி கைபேசியில் தேடிக் காட்டினால், நீங்கள் கொடுத்த 300 டாலருக்கான ரசீதுதான் உங்கள் பதில். கூரியரில் அனுப்பினால் பெறுகிறவரின் ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள், அனுப்புகிறவர் பெயரும் ரசீதில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். ரசீதில் ஒரு நகலைக் கிட்டார் பெட்டிக்குள்ளும் இன்னொன்றைக் கைப்பையிலும் வையுங்கள், பெட்டியும் நீங்களும் ஒரே விமானத்தில் வருவீர்கள் என்று உறுதியில்லை.